சொல்லின் தலைவாசல்

ஒரு வீட்டின் தலைவாசலைக் கண்ட அளவிலேயே அவ்வீட்டைப் பற்றிப் பாதி அறிந்துகொள்கிறோம். மாவிலைத் தோரணம் தொங்கினால் உள்ளே மங்கல நிகழ்ச்சி. நிலைக்கு மேல் சிலுவை பதித்திருந்தால் கிறிஸ்தவ இல்லம். பூட்டுத் தொங்கினால் வீட்டார் ஊரில் இல்லை. சொற்களுக்கும் இத்தகைய தலைவாசல் உண்டு. ஆங்கிலச் சொற்களுள் பல்லாயிரம் சொற்களின் முன்னே, இரண்டு மூன்று எழுத்துகளால் ஆன ஒரு சிறு வாசல் நிற்கிறது. இலக்கண நூலார் அதனை முன்னொட்டு என்பர். அவ்வாசல்களுள் மிகப் பல இலத்தீன் மொழியில் செதுக்கப்பெற்றவை.

பண்டைய உரோமையரின் மொழிக்கும் நம் வட்டாரத்துக்கும் என்ன உறவு என்று வாசகர் வினவலாம். ஓசூரிலிருந்து இராயக்கோட்டை செல்லும் சாலையிலுள்ள சானமாவையும் அதனைச் சூழ்ந்த சிற்றூர்களையும் எண்ணிப் பாருங்கள். ஒருபுறம் காப்புக்காடு, கேழ்வரகு முற்றும் பருவத்தில் பன்னேருகட்டா, ஜவளகிரிக் காடுகளின் வழியே யானைக் கூட்டங்கள் அங்கு வந்து தங்குகின்றன. மறுபுறம், 1970-களில் சிப்காட் தொழிற்பேட்டை தோன்றியது முதல் பெருகிவரும் ஆலைகள். இவ்வூர்களில் வீட்டில் தமிழோ தெலுங்கோ கன்னடமோ வழங்கும். சந்தையில் மூன்றும் வழங்கும். ஆலை வாயிலைக் கடந்தாலோ அறிவிப்புப் பலகை முதல் சம்பளச் சீட்டு வரை யாவும் பெரும்பாலும் ஆங்கிலமே.

நேற்றுவரை கேழ்வரகும் தக்காளியும் பயிரிட்ட குடும்பத்தின் மகன், இன்று ஆங்கிலத்தில் அச்சிட்ட தாளில் கையொப்பமிடுகிறான். அவன் தங்கை பள்ளியில் ஆங்கிலச் சொற்களின் பொருளைப் பத்து முறை எழுதி மனப்பாடம் செய்கிறாள். தேர்வு முடிந்த மறுவாரமே மறக்கிறாள். ஆங்கிலம் இவர்களுக்கு அறிவாக அமையாமல் சுமையாக அமைகிறது. அச்சுமையைக் குறைக்க ஒரு வழி, சொல்லை முழுமையாக விழுங்காமல் பிரித்துப் பார்ப்பது. அதற்குரிய திறவுகோல்களையே இக்கட்டுரையில் காண்போம்.

இலத்தீன் ஆங்கிலத்தில் குடியேறிய வரலாறு

ஆங்கிலம் பிறப்பால் இலத்தீனின் மகளன்று. செருமானியக் குடும்பத்தைச் சேர்ந்தது. தாய், தந்தை, வீடு, நீர், ரொட்டி முதலியவற்றைக் குறிக்கும் எளிய சொற்கள் அக்குடும்பத்துச் சொத்து. ஆனால் கி.பி. 597-இல் திருத்தந்தை பெரிய கிரகோரியார் அனுப்பிய அகுஸ்தினார் இங்கிலாந்தில் வந்திறங்கியபோது, மறையோடு இலத்தீனும் வேர்கொண்டது. 1066-இல் நார்மானியர் அந்நாட்டை வென்றபின், இலத்தீனிலிருந்து பிறந்த பிரெஞ்சு மொழி அரண்மனையிலும் நீதிமன்றத்திலும் ஆட்சி செய்தது. பின்னர் பதினாறாம், பதினேழாம் நூற்றாண்டுகளில் அறிஞர்கள் அறிவியலுக்கும் சட்டத்துக்கும் மருத்துவத்துக்கும் வேண்டிய சொற்களை இலத்தீனிலிருந்து நேராகவே ஆக்கிக்கொண்டனர். இவ்வாறு மூன்று அலைகளாக வந்த சொற்களும் அவற்றின் வழித்தோன்றல்களும் இன்று ஆங்கில அகராதியில் பாதிக்கும் மேலாக நிற்கின்றன.

இதனால் ஒரு விளைவு நேர்ந்தது. அடுப்பங்கரையில் பேசும் ஆங்கிலம் எளிது. அலுவலகத்தில் எழுதும் ஆங்கிலம் கடினம். அந்தக் கடின ஆங்கிலமே பெரும்பாலும் இலத்தீன். எனவே அலுவலகத் தாளைக் கண்டு அஞ்சும் நம் பிள்ளைக்கு வேண்டிய மருந்தும் இலத்தீனிடமே இருக்கிறது.

சுமை தூக்கும் ஒரு வேர்

இரயில் நிலையத்தில் நம் பெட்டியைச் சுமப்பவரைப் 'போர்ட்டர்' என்கிறோம். சுமத்தல், கொண்டுசெல்லல் என்னும் பொருளுடைய 'போர்த்தாரே' என்னும் இலத்தீன் வினையே அதன் வேர். இவ்வேரின் முன் வெவ்வேறு வாசல்களை வைத்துப் பாருங்கள்.

'எக்ஸ்' என்றால் வெளியே. எனவே 'எக்ஸ்போர்ட்' என்பது வெளியே கொண்டுசெல்லல். 'இன்' என்றால் உள்ளே. 'இம்போர்ட்' என்பது உள்ளே கொண்டுவரல். 'டிரான்ஸ்' என்றால் கடந்து, அப்பால். 'டிரான்ஸ்போர்ட்' என்பது ஓரிடத்தினின்று மற்றோரிடத்துக்குக் கடத்திச் செல்லல். 'ரி' என்றால் திரும்ப. சென்று கண்டதைத் திரும்பக் கொண்டுவந்து கூறுவது 'ரிப்போர்ட்'. 'சப்' என்றால் கீழ். கீழிருந்து சுமப்பது, அதாவது தாங்குவது, 'சப்போர்ட்'. 'டி' என்றால் விலக்கி, அப்பால்; ஒருவரை நாட்டைவிட்டு அகற்றுவது 'டிபோர்ட்'.

ஒரு வேர், ஆறு வாசல், ஆறு சொற்கள்! ஆறு தனித்தனிச் சொற்களை மனப்பாடம் செய்த பிள்ளைக்கு ஆறு சொற்களே தெரியும். இம்முறையில் கற்ற பிள்ளைக்கோ ஆறு முன்னொட்டுகள் கைவந்துவிட்டன. இனி எந்த வேரோடு அவை வந்தாலும் அது அடையாளம் கண்டுகொள்ளும்.

இங்கே தமிழின் தனிப்பார்வையையும் காண்க. உரோமையர் உள், வெளி என்று திசை நோக்கினர். கடலோடிய தமிழரின் மொழியில் வழங்குவதோ ஏற்றுமதி, இறக்குமதி. கலத்தில் ஏற்றுவதும் கலத்தினின்று இறக்குவதும். கருத்து ஒன்று, கண்ட கோணம் வேறு.

புணர்ச்சி விதி கைகொடுக்கிறது

'இன்' என்பது 'இம்போர்ட்' என்னும் சொல்லில் 'இம்' ஆனது ஏன்? 'சப்' என்பதன் ஒலி சில இடங்களில் ஏன் மாறுகிறது? ஆங்கிலம் மட்டும் படித்த பிள்ளை திகைக்கும் இடம் இது. நன்னூல் படித்த தமிழ்ப் பிள்ளை திகைக்க வேண்டியதில்லை. இரு சொற்கள் புணரும்போது தோன்றல், திரிதல், கெடுதல் என்னும் விகாரங்கள் நேரும் என்று நம் இலக்கணம் கற்பிக்கிறது. பொன் என்பதும் குடம் என்பதும் சேர்ந்து பொற்குடம் ஆகின்றன. மண்ணும் குடமும் மட்குடம் ஆகின்றன. வருகின்ற எழுத்துக்கு ஏற்ப நின்ற எழுத்துத் திரிகிறது.

இலத்தீனிலும் அதுவே நிகழ்கிறது. இன்மையைக் குறிக்கும் 'இன்' என்பது பகரத்தின் முன் 'இம்' ஆகி 'இம்பாசிபிள்' என நிற்கும். லகரத்தின் முன் 'இல்' ஆகி 'இல்லீகல்' என நிற்கும். ரகரத்தின் முன் 'இர்' ஆகி 'இர்ரெகுலர்' என நிற்கும். நான்கும் ஒரே முன்னொட்டு. வேடம் மட்டும் வேறு. 'உடன், சேர்ந்து' என்னும் பொருளுடைய 'கான்' என்பது 'காம்' ஆகும். 'கொல்' ஆகி 'கலெக்ஷன்' என்பதில் நிற்கும். 'கொர்' ஆகி 'கரெக்ஷன்' என்பதில் நிற்கும். 'பால், நோக்கி' என்னும் பொருளுடைய 'ஆட்' என்பது ககர ஒலியின் முன் திரிந்து 'ஆக்சிடென்ட்' என்பதில் ஒளிந்திருக்கிறது. மேல் வந்து விழுவது என்பதே அதன் மூலப்பொருள். ஆங்கில எழுத்துக்கூட்டலில் ஓரெழுத்து இரட்டித்து வரும் இடங்களுள் பல இத்தகைய புணர்ச்சியின் தடங்களே. இதனை உணர்ந்த பிள்ளைக்கு எழுத்துப்பிழையும் குறையும்.

சம்பளச் சீட்டில் இலத்தீன்

இனி ஆலைத் தொழிலாளர் அன்றாடம் காணும் சொற்களுக்கு வருவோம். வருகைப் பதிவில் 'பிரசென்ட்' என்பது முன்னே இருத்தல். 'ஆப்சென்ட்' என்பது விலகி இருத்தல். 'பிரி' முன், 'ஆப்' விலகல்.

சம்பளச் சீட்டில் 'டிடக்ஷன்' என்று ஒரு கட்டம் உண்டு. 'தூக்கெரே' என்பது நடத்திச் செல்லுதல். 'டி' என்பது அப்பால். ஊதியத்தினின்று ஒரு பகுதியை அப்பால் நடத்திச் செல்வதே பிடித்தம். அதே வேரில் 'புரோ', அதாவது முன்னே, சேர்ந்தால் 'புரொடக்ஷன்'. பொருளை முன்கொணர்வது உற்பத்தி. 'ரி' சேர்ந்தால் 'ரிடக்ஷன்'. பின்னுக்கு நடத்துவது குறைப்பு. 'கான்' சேர்ந்தால் 'கண்டக்டர்'. நம்மோடு உடன்வந்து நடத்துபவர்.

'பிராவிடென்ட் ஃபண்ட்' என்பதில் 'புரோ' முன்னோக்கி, 'விதேரே' பார்த்தல். வருங்காலத்தை முன்கூட்டிப் பார்த்துச் சேர்க்கும் பணம் அது. இதனைத் தமிழாக்கியோர் 'வருங்கால வைப்பு நிதி' என்றது எத்துணைப் பொருத்தம்! அதே பார்த்தல் வினையின் முன் 'சூப்பர்', அதாவது மேல், என்பது நின்றால் 'சூப்பர்வைசர்', தமிழில் மேற்பார்வையாளர். எழுத்துக்கு எழுத்து ஒத்த மொழிபெயர்ப்பு.

பார்த்தலுக்கு மற்றொரு வேர் 'ஸ்பெக்' என்பது. உள்ளே பார்ப்பவர் 'இன்ஸ்பெக்டர்'. கீழ்க்கண்ணால் பார்ப்பது 'சஸ்பெக்ட்', ஐயுறவு. திரும்பவும் பார்ப்பது 'ரெஸ்பெக்ட்', மதிப்பு. ஒருவரைக் கண்டும் காணாமற் போகாது, நின்று, மீண்டும் திரும்பிப் பார்ப்பதே மதிப்பு என்று இச்சொல் கூறுகிறது. மேலிருந்து பார்ப்பவரும் உள்ளே பார்ப்பவரும் நிறைந்த ஆலையில், தொழிலாளி எதிர்பார்ப்பதும் அத்தகைய ஒரு பார்வையைத்தானே?

'சஸ்பென்ஷன்' என்னும் சொல் லாரிப் பட்டறையிலும் உண்டு. ஒழுங்கு நடவடிக்கைக் கடிதத்திலும் உண்டு. 'பெந்தேரே' என்பது தொங்குதல், 'சப்' கீழிருந்து. வண்டியின் உடல் சக்கரத்துக்கு மேல் தொங்குவதும், வேலை உண்டா இல்லையா என்று தொழிலாளி தொங்கி நிற்பதும் ஒரே சொல்! நாட்டு விடுதலையைக் குறிக்கும் 'இன்டிபென்டன்ஸ்' என்பதிலும் அதே வேர் இருக்கிறது. 'டிபென்ட்' என்றால் ஒன்றினின்று தொங்குதல். அதன்முன் இன்மைப் பொருள் தரும் 'இன்' வந்தால், எவரையும் பற்றித் தொங்காத நிலை.

'காண்ட்ராக்ட்' என்பதை இன்று அறியாதார் இல்லை. 'கான்' சேர்ந்து, 'த்ராகெரே' இழுத்தல். இருவர் ஒருசேர இழுத்து நெருங்கி வந்து செய்துகொள்ளும் உடன்பாடு அது. உடன்பாடு என்னும் தமிழ்ச்சொல்லின் 'உடன்' இலத்தீனின் 'கான்' என்பதற்கு நிகர். ஒருவர் மட்டுமே எழுதி, மற்றவர் பொருளறியாது கையொப்பமிடும் தாள், சொல்லின் மூலப்பொருளின்படி உடன்பாடே ஆகாது. ஆதலால் எத்தாளிலும் கையொப்பமிடுமுன் படித்துக்காட்டச் சொல்லிக் கேட்பது நாணத்தக்க செயலன்று. அது நம் உரிமை.

கம்பெனி என்னும் சொல்

எங்கே வேலை என்று கேட்டால், இவ்வட்டாரத்தார் ஆலை என்றோ தொழிற்சாலை என்றோ கூறுவதில்லை; 'கம்பெனிக்குப் போகிறான்' என்பர். அச்சொல்லின் உட்பொருள் அழகியது. 'காம்' உடன், 'பானிஸ்' அப்பம். ஒரே அப்பத்தைப் பகிர்ந்து உண்போர் கூட்டமே கம்பெனி. துணைவன் என்னும் பொருளுடைய 'கம்பேனியன்' என்பதும் அதுவே. நற்கருணைப் பந்தியில் ஒரே அப்பத்தில் பங்குபெறும் நமக்கு, இப்பொருளை விளக்கிக் கூறவும் வேண்டுமோ? ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்து ஓசூரில் உழைக்கும் இளைஞனும், சானமாவுப் பக்கத்து உழவர் மகனும் உணவுக்கூடத்தில் அடுத்தடுத்து அமரும்போது, சொல் தன் முழுப்பொருளைப் பெறுகிறது.

காட்டிலிருந்து வரும் யானைக் கூட்டமும் நமக்கு ஒரு பாடம் தரும். மந்தைக்கு இலத்தீனில் 'க்ரெக்ஸ்' என்று பெயர். மந்தையாக ஒன்றுகூடுவது 'காங்ரிகேஷன்'. துறவற சபைக்கும் வழிபடுவோர் கூட்டத்துக்கும் வழங்கும் சொல். மந்தையினின்று பிரித்து ஒதுக்குவது 'செக்ரிகேட்'. குப்பையைத் தரம் பிரிக்க நகராண்மையார் கையாளும் சொல். மந்தையோடு சேர்ப்பது 'அக்ரிகேட்'. மதிப்பெண்களின் கூட்டுத்தொகையும், கட்டட வேலையில் ஜல்லியும் இப்பெயர் பெறும்.

அளவுகோலில் இலத்தீன்

கடைசல் பொறியில் நிற்கும் தொழிலாளி நாள்தோறும் 'மில்லிமீட்டர்' என்கிறார். 'மில்லே' என்றால் இலத்தீனில் ஆயிரம். மீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. 'செந்தும்' என்றால் நூறு. நூற்றில் ஒரு பங்கு 'சென்டிமீட்டர்'. நூற்றுக்கு இவ்வளவு என்பதே 'பெர்சென்ட்'. 1795-இல் பிரெஞ்சு நாட்டார் பதின்ம முறையை வகுத்தபோது ஓர் ஒழுங்கு செய்தனர்: சிறிய பங்குகளுக்கு டெசி, சென்டி, மில்லி என்று இலத்தீன் முன்னொட்டுகள், பெருக்கங்களுக்கு டெக்கா, ஹெக்டோ, கிலோ என்று கிரேக்க முன்னொட்டுகள். எனவே கிலோகிராமில் நிற்பது கிரேக்கம். மில்லிகிராமில் நிற்பது இலத்தீன். நம் நாட்டில் 1957 ஏப்ரல் முதல் நாள் ரூபாய் நூறு நயாபைசாவாகப் பகுக்கப்பட்டது. படியும் சேரும் மறைந்து கிலோகிராமும் லிட்டரும் வழக்கத்துக்கு வந்தது அதனையொட்டியே.

மருந்துச் சீட்டைப் படிப்போம்

இலத்தீன் அறிவு உடல்நலத்துக்கும் துணைசெய்யும் என்றால் வியப்பாக இருக்கும். மருத்துவர் எழுதும் சீட்டில் மாத்திரைப் பெயரின் பக்கத்தில் சிறு எழுத்துகள் இருப்பதைக் கண்டிருப்பீர்கள். அவை பெரும்பாலும் இலத்தீன் சொற்களின் முதலெழுத்துகள். 'ஏ.சி.' என்பது 'ஆந்தே சீபும்', உணவுக்கு முன். 'பி.சி.' என்பது 'போஸ்ட் சீபும்', உணவுக்குப் பின். 'பி.டி.' நாளுக்கு இருமுறை, 'டி.டி.எஸ்.' மும்முறை, 'எச்.எஸ்.' உறங்கும் வேளையில், 'எஸ்.ஓ.எஸ்.' தேவைப்பட்டால் மட்டும்.

'ஆந்தே' முன், 'போஸ்ட்' பின் என்பதை நினைவிற் கொண்டால் பிற சொற்களும் விளங்கும். கடிகாரத்தில் 'ஏ.எம்.' நண்பகலுக்கு முன், 'பி.எம்.' நண்பகலுக்குப் பின். ஆரம்ப சுகாதார நிலையத்தில் 'ஆன்டிநேட்டல்' என்றிருந்தால் பேறுகாலத்துக்கு முன். 'போஸ்ட்நேட்டல்' என்றால் பேற்றுக்குப் பின். 'போஸ்ட்மார்ட்டம்' என்பது இறப்புக்குப் பின். ஆயின் 'ஆன்டிபயாட்டிக்' என்பதிலுள்ள 'ஆன்டி' வேறு. அது எதிர் என்னும் பொருளுடைய கிரேக்க முன்னொட்டு. காதுக்கு ஒன்றுபோல் ஒலிக்கும். எழுத்தில் ஓரெழுத்து வேறுபடும்.

ஓர் எச்சரிக்கையும் வேண்டும். 'ஓ.டி.' என்னும் ஈரெழுத்து வழக்கமாக நாளுக்கு ஒருமுறை என்பதைக் குறிக்கும். கண் மருத்துவர் சீட்டிலோ அதுவே வலது கண்ணைக் குறிக்கும். எனவே இவ்வறிவு, கேட்க வேண்டியதைத் தெளிவாகக் கேட்பதற்கே; கேளாமல் நாமே முடிவு செய்வதற்கன்று. மருந்து கொடுப்பவரிடம் ஒருமுறைக்கு இருமுறை வினவித் தெளிவதே அறிவுடைமை.

ஏமாற்றும் ஒரு வாசல்

எல்லா வாசலும் நேர்மையானவை அல்ல. 'இன்' என்னும் முன்னொட்டுக்கு இரு பொருள் உண்டு என்று கண்டோம்: ஒன்று உள்ளே, மற்றொன்று இன்மை. இவ்விரண்டையும் மயங்கக் கொண்டால் உயிருக்கே இடர் நேரும். நெடுஞ்சாலையில் செல்லும் எரிபொருள் லாரிகளின் பின்புறம் 'இன்ஃப்ளேமபிள்' என்று எழுதியிருக்கும். இன்மைப் பொருள் கொண்டால் 'தீப்பற்றாதது' என்றாகும். உண்மைப் பொருளோ நேர்மாறு: எளிதில் தீப்பற்றக் கூடியது. இங்குள்ள 'இன்' உட்செலுத்தும் பொருளது; தீயை மூட்டுதல் என்னும் இலத்தீன் வினையினின்று வந்தது.

இம்மயக்கத்தால் விபத்து நேரும் என்று கருதி, அமெரிக்கத் தீத்தடுப்பு அமைப்பினர் 1920-களிலேயே அந்த 'இன்' என்பதை நீக்கி 'ஃப்ளேமபிள்' என எழுதும்படி வற்புறுத்தினர். இன்று பல பீப்பாய்களிலும் கிடங்குகளிலும் இவ்வடிவமே காணப்படுகிறது. இரண்டுக்கும் பொருள் ஒன்றே. இரண்டும் நெருப்பை அண்டவிடாதே என்னும் எச்சரிக்கையே. தீப்பற்றாததைக் குறிக்க 'நான்' என்னும் மறுப்பு முன்னொட்டு முன்னே நிற்க வேண்டும்.

2023 அக்டோபர் 7 அன்று ஓசூரை அடுத்த அத்திப்பள்ளியில் பட்டாசுக் கடையில் நேர்ந்த தீவிபத்தில், தமிழகத்திலிருந்து வேலைக்குச் சென்றிருந்த இளைஞர் பலர் மாண்டதை இவ்வட்டாரத்துக் குடும்பங்கள் மறக்கவில்லை. அத்துயரத்துக்குக் காரணம் ஒரு சொல்லின் மயக்கமன்று. ஆயினும், தீப்பற்றும் பொருள்களின் அருகே உழைக்கும் நம் பிள்ளைகள், பெட்டியின் மேலுள்ள எழுத்தைப் பொருளறிந்து படிக்க வல்லவராக இருத்தல் இன்றியமையாதது. கூடுமானால் அவ்வெச்சரிக்கை தமிழிலும் கன்னடத்திலும் இந்தியிலும் எழுதப்பட வேண்டும். உயிர்காக்கும் சொல் உழைப்பவன் மொழியில் இருப்பதே முறை.

நம் மொழியில் இவற்றின் உறவினர்

தமிழ் திராவிடக் குடும்பத்தைச் சேர்ந்தது, இலத்தீனுக்கு உறவன்று. ஆனால் தமிழில் வந்து வழங்கும் வடசொற்கள் சில இலத்தீன் முன்னொட்டுகளின் உடன்பிறப்புகளைத் தாங்கி நிற்கின்றன. அநீதி என்பதன் 'அ' இலத்தீனின் மறுப்பு 'இன்' என்பதோடும், பிரயாணம் என்பதன் 'பிர' 'புரோ' என்பதோடும், அந்தரங்கம் என்பதன் 'அந்தர்' 'இன்டர்' என்பதோடும் உறவுடையன. நாம் மிச்சத்தைக் குறிக்க வழங்கும் 'உபரி' என்பது 'சூப்பர்' என்பதன் உறவு. பங்கு மக்களுக்கு மறை கற்பிக்கும் உபதேசியாரின் பெயரிலுள்ள 'உப' என்பதோ 'சப்' என்பதன் உடன்பிறப்பு.

வடமொழிக்கும் இலத்தீன், கிரேக்க மொழிகளுக்கும் உள்ள இவ்வுறவை 1786-இல் கல்கத்தாவில் வில்லியம் ஜோன்ஸ் எடுத்துரைத்தார் என்று வரலாற்று நூல்களில் படிக்கிறோம். அவருக்கு ஏறத்தாழ இருபது ஆண்டுகளுக்கு முன்பே, 1767-இல், தென்னிந்தியாவில் கர்நாடக மறைத்தளத்தில் பணியாற்றிய இயேசு சபைக் குரு கேர்தூ, இவ்வொப்புமையைப் பட்டியலிட்டுப் பாரீசிலுள்ள அறிஞர் கழகத்துக்கு எழுதினார். அது 1808-இல்தான் அச்சேறியது. அதனால் புகழ் மற்றவரைச் சேர்ந்தது.

அவருக்கும் முன்னே வீரமாமுனிவர் இலத்தீனுக்கும் தமிழுக்கும் பாலம் அமைத்தார். பேச்சுத் தமிழுக்கு அவர் இலத்தீனில் எழுதிய இலக்கணம் 1738-இல் தரங்கம்பாடியில் அச்சாயிற்று. திருக்குறளின் அறத்துப்பாலையும் பொருட்பாலையும் இலத்தீனில் பெயர்த்தவரும் அவரே. அன்று ஐரோப்பியர் இலத்தீன் வழியாகத் தமிழ் கற்றனர். இன்று நாம் தமிழ் வழியாக இலத்தீன் முன்னொட்டுகளைக் கற்கிறோம்.

முன், பின், உள், வெளி, மேல், கீழ், இடை, உடன், மறு, எதிர் என்று நம்மிடமே இதற்கு நிகரான சொற்கள் உண்டு. முன்னேற்றம், இடைவேளை, மறுவாழ்வு, மேற்பார்வை, வெளிநடப்பு என நாம் ஆக்கிக்கொண்டவை பல. ஓசூர்ச் சார் ஆட்சியர் அலுவலகப் பெயரிலுள்ள 'சார்' என்பதும், சார்பதிவாளர் என்பதிலுள்ள 'சார்' என்பதும் 'சப்' என்பதற்கு ஈடாக அமைந்தவையே. ஆகவே தாய்மொழி நன்கறிந்த பிள்ளைக்கே அயல்மொழி எளிதாகும்.

ஆலயத்தில் கேட்ட சொற்கள்

இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963 டிசம்பர் 4 அன்று திருவழிபாடு பற்றிய கொள்கைத் திரட்டை வெளியிட்டபின்னரே, நம் ஆலயங்களில் திருப்பலி படிப்படியாகத் தமிழில் நிறைவேறியது. அதற்கு முன் இலத்தீனில் பூசை கண்ட முதியோர் இன்றும் நம்மிடையே உள்ளனர். அவர்கள் காதில் விழுந்த மொழியே இன்று பேரப்பிள்ளையின் ஆங்கிலப் புத்தகத்தில் ஒளிந்திருக்கிறது.

மன்றாட்டு மாலையில் எங்களுக்காக என்பதற்கு 'புரோ நோபிஸ்' என்றனர். அந்தப் 'புரோ' என்பதற்கு ஒருவர் பொருட்டு என்பதும் பொருள். உறுதிபூசுதலுக்கு ஆங்கிலத்தில் 'கன்ஃபர்மேஷன்', 'ஃபிர்முஸ்' உறுதியானது. மீட்பு என்பதற்கு 'ரிடெம்ப்ஷன்'. திரும்ப விலைகொடுத்து வாங்குதல். அடகுக் கடையில் நகையைத் திருப்பும் தாய்மாருக்கு இப்பொருள் எளிதில் விளங்கும். இரக்கம் என்பதற்குக் 'கம்பேஷன்', உடன் துன்புறுதல்.

பூசையின் இறுதியில் குருவானவர் மக்களை அனுப்பும்போது கூறிய வாய்பாட்டில் 'மிஸ்ஸா' என்னும் சொல் இருந்தது. அனுப்புதல் என்னும் பொருளுடைய 'மித்தெரே' என்பதன் வடிவம் அது. திருப்பலியை ஆங்கிலத்தில் 'மாஸ்' என்பது அதனாலேயே. மறைத்தளத்தைக் குறிக்கும் 'மிஷன்' அதே வேர். 'பெர்மிஷன்' ஊடே கடக்கவிடுதல்; 'டிரான்ஸ்மிஷன்' அப்பால் அனுப்புதல்; 'எமிஷன்' வெளியே அனுப்பும் புகை; 'டிஸ்மிஸ்' பிரித்து அனுப்பிவிடுதல்; 'பிராமிஸ்' முன்னதாக அனுப்பிவைக்கும் வாக்கு. ஆலயமும் ஆலையும் ஒரே வேரைப் பகிர்ந்துகொள்கின்றன.

வீட்டில் செய்யத்தக்கது

பெற்றோர் ஆங்கிலம் கற்றவராக இருத்தல் வேண்டும் என்பதில்லை. ஓர் அட்டையில் இவற்றைப் பிள்ளையைக் கொண்டே எழுதச் செய்து சுவரில் ஒட்டுங்கள்:

எக்ஸ்: வெளியே. இன்: உள்ளே, இன்மை. ரி: மீண்டும், திரும்ப. பிரி: முன். போஸ்ட்: பின். புரோ: முன்னோக்கி, பொருட்டு. சப்: கீழ். சூப்பர்: மேல். இன்டர்: இடையே. டிரான்ஸ்: கடந்து. கான்: உடன். டி: கீழே, அப்பால். டிஸ்: பிரித்து. ஆட்: நோக்கி. ஆப்: விலகி.

இவை பதினைந்து. இவற்றோடு கொண்டுசெல்லல், அனுப்புதல், நடத்துதல், பார்த்தல், இழுத்தல், தொங்குதல் என்னும் ஆறு வேர்களைச் சேர்த்தால் பல பத்துச் சொற்கள் திறந்துகொள்ளும். நாளுக்கு ஒரு சொல் போதும். மாலையில் பிள்ளை புத்தகத்திலிருந்து ஒரு சொல்லை எடுக்கட்டும். வாசல் எது, வேர் எது என்று கூறட்டும். அதற்கு நிகரான தமிழ்ச் சொல்லைத் தாத்தாவோ பாட்டியோ கூறட்டும்.

'ரி' என்று தொடங்குவன யாவும் முன்னொட்டு உடையன அல்ல. 'ரெடி' என்பதில் அது இல்லை. பொருளும் காலப்போக்கில் வேர்ப்பொருளினின்று விலகியிருக்கலாம். எனவே பிரித்துப் பார்த்து ஊகித்தபின் அகராதியைக் காணும் வழக்கமும் வேண்டும். ஊகம் கதவைத் தட்டும், அகராதியே திறக்கும்.

கல்வி என்பதற்கு ஆங்கிலத்தில் 'எஜுகேஷன்'. வளர்த்தல் என்னும் பொருளுடைய இலத்தீன் வினை அது. வெளியே என்னும் 'எக்ஸ்' குறுகி 'எ' என நிற்க, அதன்பின் நடத்திச் செல்லும் வேர் நிற்கிறது. பிள்ளையை அச்சத்தினின்று வெளியே நடத்திச் செல்வதே கல்வி. தாளைக் கண்டு அஞ்சாமல், சீட்டைக் கண்டு மயங்காமல், கையொப்பமிடுமுன் பொருள் கேட்கும் ஒரு தலைமுறை நம் இல்லங்களிலிருந்து எழுமாயின், அந்தச் சிறு முன்னொட்டு தன் வேலையைச் செய்துவிட்டது என்று கொள்ளலாம்.